கரையில் நின்ற தேசம் கடலில் இறங்கிய கதை

1939 செப்டம்பர் முதல் 1941 டிசம்பர் வரை: நடுநிலை அமெரிக்கா போருக்குள் போன 27 மாதங்கள்

1941 அக்டோபர் 31, அதிகாலை. வட அட்லாண்டிக் கடலில் பிரிட்டனுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது ‘ரூபன் ஜேம்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஏவிய டார்பிடோ அதன் முன்பகுதியில் பாய்ந்தது. முன்பாதி சிதறியது, பின்பாதி சில நிமிடங்களில் மூழ்கியது. கேப்டன் உட்பட அதிகாரிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மாலுமிகளையும் சேர்த்து நூறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

அன்றைக்கு அமெரிக்கா எந்த நாட்டோடும் போரில் இல்லை. சட்டப்படி அது நடுநிலை நாடு. பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட இன்னும் 37 நாட்கள் இருந்தன.

நம் பாடப்புத்தகங்களில் இந்தக் கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அந்த வரியில் பொய் ஏதும் இல்லை. ஆனால், அந்தத் தாக்குதலுக்கு முன்னால் 27 மாதங்கள் இருக்கின்றன. சட்டம் சட்டமாக, கப்பல் கப்பலாக, அமெரிக்கா போரை நோக்கி நடந்த மாதங்கள் அவை. எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும் ‘போரைத் தவிர்ப்பதற்காக’ என்று சொல்லித்தான் எடுத்துவைக்கப்பட்டது. போர் வேண்டாம் என்று மனதார விரும்பிய 13 கோடி மக்களின் தேசம் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று புரிய வேண்டுமானால், அந்த மாதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

1917-இன் காயம்

ஒதுங்கி நிற்க விரும்பிய அமெரிக்கர்களைக் கோழைகள், சுயநலக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயம் ஆகாது. அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டவர்கள்.

1916 ஜனாதிபதித் தேர்தலில் உட்ரோ வில்சன் ஜெயித்ததே, ‘நம்மைப் போருக்குள் போகாமல் காத்தவர்’ என்ற பிரசாரத்தால். மறுபடி பதவியேற்ற அடுத்த மாதமே, 1917 ஏப்ரலில், அவர் நாட்டை முதல் உலகப் போருக்குள் கொண்டுபோனார். ஏறத்தாழ 1,16,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். உலகத்துக்கு ஜனநாயகம் வரும் என்று சொல்லப்பட்டது. வந்ததோ வெர்சாய் ஒப்பந்தம். அதை அமெரிக்க செனட்டே நிராகரித்தது. சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை.

1934-இல் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. முதல் உலகப் போரில் ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற கணக்கு வெளியே வந்தது. அமெரிக்கா நடுநிலை வகித்த அந்த ஆண்டுகளிலேயே பிரிட்டன், பிரான்ஸ் தரப்புக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்த கடன் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஜெர்மனிக்குப் போனது அதில் மிகச் சிறு பங்கு. கடன் கொடுத்த காசைக் காப்பாற்றத்தான் பிள்ளைகளைப் பலிகொடுத்தோம் என்று மக்கள் முடிவுக்கு வந்தார்கள். 1937-இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், முதல் உலகப் போரில் சேர்ந்ததே தவறு என்று 70 சதவீதம் பேர் சொன்னார்கள்.

அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் நடுநிலைச் சட்டங்கள். 1935-இல் வந்த முதல் சட்டம், போரிடும் எந்த நாட்டுக்கும் ஆயுதம் விற்கக் கூடாது என்றது. 1936-இல், கடனும் கொடுக்கக் கூடாது என்றது. 1915-இல் ‘லூசிடானியா’ என்ற பிரிட்டிஷ் பயணிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது 128 அமெரிக்கர்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் 1937-இல், போரிடும் நாடுகளின் கப்பல்களில் அமெரிக்கர்கள் பயணம் செய்வதே தடுக்கப்பட்டது. அமெரிக்காவை 1917-க்கு இட்டுச்சென்ற வழிகள் என்று எவை தெரிந்தனவோ, அவை எல்லாம் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன.

பிரதிநிதிகள் சபையில் இண்டியானா மாநிலத்தின் உறுப்பினரான லூயிஸ் லட்லோ இன்னும் ஒரு படி மேலே போனார். நாடு நேரடியாகத் தாக்கப்பட்டால் ஒழிய, போருக்குப் போவதா வேண்டாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு முழு பலத்தையும் திரட்டித்தான் அதைத் தடுத்தது. 1938 ஜனவரியில் 188-க்கு 209 என்ற வாக்குக் கணக்கில், விவாதத்துக்கே வராமல் அது வீழ்ந்தது. 11 பேர் அணி மாறியிருந்தால் விவாதம் நடந்திருக்கும்!

சட்டம் நடுநிலை, விளைவு வேறு

போரிடும் இருவரையும் ஒரேபோல நடத்துவது கேட்க நியாயமாக இருக்கும். இருவரில் ஒருவர் கையில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால் அது நியாயமா? 1935-இல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தார். அமெரிக்கா இரு தரப்புக்கும் ஆயுதத் தடை விதித்தது. இத்தாலிக்குச் சொந்த ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்தன, எத்தியோப்பியாவுக்கு இல்லை. தடையின் பாரம் முழுக்க எத்தியோப்பியா மேல் விழுந்தது. தடைப்பட்டியலில் எண்ணெய் இல்லாததால், இத்தாலி அமெரிக்காவிலிருந்து அதை வாங்கிக்கொண்டே இருந்தது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலும் இதுவே நடந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசு அரசுக்கு ஆயுதம் மறுக்கப்பட்டது. கலகம் செய்த ஃபிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானம் அனுப்பினார்கள். டெக்சாகோ என்ற அமெரிக்க நிறுவனம் அவருக்குக் கடனுக்கே எண்ணெய் அனுப்பியது.

1939-இல் ‘செயின்ட் லூயிஸ்’ கப்பல் வந்தது. ஜெர்மனியிலிருந்து தப்பிய 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகள் அதில் இருந்தார்கள். கியூபா மறுத்தது, அமெரிக்காவும் மறுத்தது. ஃபுளோரிடா கரையின் விளக்குகள் தெரியும் தூரம் வரை வந்த கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னாளில் நாஜிகளின் இனப்படுகொலையில் உயிரிழந்தார்கள். ஒதுங்கி நிற்பதன் விலையைப் பேசும்போது இந்த 254 பேரைக் கணக்கில் சேர்க்காமல் பேசக் கூடாது.

காசு கொடு, சுமந்து போ

1939 செப்டம்பர் 1-இல் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. மூன்றாம் தேதி இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நாடு நடுநிலையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அமெரிக்கரும் மனதளவிலும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று தன்னால் கேட்க முடியாது என்றார். 1914-இல் வில்சன் அதைத்தான் கேட்டிருந்தார். ரூஸ்வெல்ட்டின் மனம் எந்தப் பக்கம் என்பதை முதல் வாரத்திலேயே நாடு தெரிந்துகொண்டது.

அதே செப்டம்பர் 3-ஆம் தேதி இந்தியாவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அறிவிப்பு விடுத்தார். இந்தியா போரில் இருந்தது. எந்த இந்தியத் தலைவரையும் அவர் கேட்கவில்லை. அதைக் கண்டித்து மாகாண காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. ஒரு தேசத்தை ஒரே மனிதரின் அறிக்கை போருக்குள் தள்ளியது. இன்னொரு தேசம் 27 மாதங்கள் தனக்குள் வாதாடியது. அந்த வாதம் எவ்வளவு அரியது என்பது நமக்குத்தான் நன்றாகப் புரியும்.

நவம்பரில் நடுநிலைச் சட்டம் திருத்தப்பட்டது. யார் வேண்டுமானாலும் ஆயுதம் வாங்கலாம். ரொக்கம் தர வேண்டும், சொந்தக் கப்பலில் ஏற்றிப் போக வேண்டும். அட்லாண்டிக் கடல் பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்ததால், இந்த விதி யாருக்குப் பயன்படும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. அதுவரை அமெரிக்கர்கள் கணக்குப் போட்டிருந்தது வேறு: பிரான்ஸின் தரைப்படையும் பிரிட்டனின் கடற்படையும் ஹிட்லரைப் பார்த்துக்கொள்ளும், நாம் சரக்கு விற்றால் போதும். ஆறு வாரத்தில் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. போர் தொடங்கிய ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையின் பலம் சுமார் 1,90,000 பேர்தான்.

அடுத்தடுத்து முடிவுகள் வந்தன. செப்டம்பர் 2-இல், பழைய போர்க்கப்பல்கள் 50-ஐ பிரிட்டனுக்குக் கொடுத்து, நியூஃபவுண்ட்லாந்து முதல் டிரினிடாட் வரை கடற்படைத் தளங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு அமெரிக்கா பெற்றது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்கவில்லை, ஜனாதிபதி தன் கையெழுத்திலேயே முடித்தார். சண்டையிடும் ஒரு நாட்டுக்குப் போர்க்கப்பல் கொடுக்கும் நாட்டை எந்தச் சர்வதேசச் சட்டமும் நடுநிலை நாடு என்று சொல்லாது. செப்டம்பர் 16-இல், அமைதிக் காலத்தில் முதல் முறையாகக் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது.

அதே செப்டம்பரில்தான் ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டி’ பிறந்தது. போரில் சேர்வதை எதிர்த்து யேல் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய அந்த இயக்கத்தில் உச்சத்தில் எட்டு லட்சம் பேர் இருந்தார்கள். அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த வீரர் சார்லஸ் லிண்ட்பர்க் அதன் முகம். பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு அதன் தொடக்க ஆதரவாளர்களில் ஒருவர். வேறு திசையிலிருந்து சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸும் போரை எதிர்த்தார். நேர்மையானவர்கள் பலர் அந்த அணியில் இருந்தார்கள். ஆனால் 1941 செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் பேசிய லிண்ட்பர்க், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு என்று மூவரைச் சுட்டிக்காட்டினார். ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிப் பேசியதன் களங்கம் அந்த இயக்கத்தைவிட்டுக் கடைசிவரை போகவில்லை, போகவும் கூடாது.

1940 அக்டோபர் 30-இல், மூன்றாம் முறையாகத் தேர்தலில் நின்ற ரூஸ்வெல்ட், பாஸ்டன் கூட்டத்தில் பெற்றோர்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்: உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள். ஜெயித்தார்.

டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. பிரிட்டனின் கையில் டாலர் தீரப்போகிறது. ரொக்கம் கொடுத்து வாங்க இனி முடியாது. ரூஸ்வெல்ட் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஓர் உதாரணம் சொன்னார். பக்கத்து வீடு தீப்பிடித்து எரிந்தால், தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் கொடுக்கும்போது விலை பேசுவோமா? தீ அணைந்ததும் குழாயைத் திருப்பித் தந்தால் போதாதா? இந்த ஓர் உதாரணத்தால் பாதி நாடு அவர் பக்கம் வந்தது. 1941 மார்ச் 11-இல் கடன்-குத்தகைச் சட்டம் கையெழுத்தானது. முதல் தவணை 700 கோடி டாலர். போர் முடியும்போது மொத்தம் 5,000 கோடி டாலர் அளவுக்குப் போயிருந்தது. விமானமும் டாங்கியும் யாரும் திருப்பித் தரும் பொருள்கள் இல்லை என்பது, ஆதரித்து வாக்களித்தவர்களுக்கும் எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

ஆகஸ்ட் 12 ஒரு விசித்திரமான நாள். ஓராண்டுக்கென்று பிடித்துவந்த இளைஞர்களின் ராணுவ சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 203, எதிர்ப்பு 202. யாரும் மனம் மாறுவதற்குள் சபாநாயகர் சாம் ரேபர்ன் முடிவை அறிவித்து உறுதிசெய்தார். அதே நாளில் ரூஸ்வெல்ட், மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் ஒரு போர்க்கப்பலில் சர்ச்சிலோடு உட்கார்ந்து அட்லாண்டிக் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப்போன சர்ச்சில் தன் மந்திரிசபையில் சொன்னது 1970-களில்தான் வெளியே வந்தது: ரூஸ்வெல்ட் போரை நடத்துவார், ஆனால் அறிவிக்க மாட்டார், மோதலுக்கு இடம்தரும் சம்பவத்தை உருவாக்க எல்லாம் செய்யப்படும்.

(தன் அரசைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றது அந்தச் சாசனத்தின் மூன்றாம் பிரிவு. இந்தியர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது, இந்தியாவுக்கானது இல்லை என்று தெளிவுபடுத்திவிட்டார்.)

‘கிரீர்’ கப்பலில் நடந்தது

சர்ச்சில் சொன்ன அந்தச் சம்பவம் மூன்றே வாரத்தில் வந்தது.

செப்டம்பர் 4-ஆம் தேதி ‘கிரீர்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஐஸ்லாந்துக்குத் தபால் எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. ஜூலையிலேயே அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஐஸ்லாந்தில் இறங்கிவிட்டிருந்தார்கள். வழியில் பிரிட்டிஷ் விமானம் ஒன்று, முன்னால் ஜெர்மன் நீர்மூழ்கி இருப்பதாகச் சைகை காட்டியது. கிரீர் அந்த நீர்மூழ்கியைத் தேடிப் பிடித்து, மணிக்கணக்கில் பின்தொடர்ந்தது. அது இருக்கும் இடத்தை பிரிட்டிஷ் விமானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. விமானம் நான்கு வெடிகுண்டுகளை நீருக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. கிரீர் விடவில்லை. கடைசியில் நீர்மூழ்கி திரும்பி டார்பிடோ ஏவியது. தன்னைத் தாக்கியது விமானமா கப்பலா என்றுகூட நீருக்கடியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கிரீரும் பதிலுக்கு வெடிகுண்டு போட்டது. இரு தரப்பிலும் சேதம் இல்லை.

செப்டம்பர் 11-இல் ரூஸ்வெல்ட் வானொலியில் நாட்டுக்குச் சொன்னது: ஜெர்மன் நீர்மூழ்கிதான் முதலில் சுட்டது, எச்சரிக்கை இல்லாமல், மூழ்கடிக்கும் நோக்கத்தோடு, இது கடற்கொள்ளை. பின்தொடர்ந்ததைச் சொல்லவில்லை. விமானத்தைச் சொல்லவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகளைக் கண்டதும் சுடும் கொள்கை அன்றுமுதல் நடைமுறைக்கு வந்தது. உண்மை விவரத்தைக் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸ்டார்க் அக்டோபரில் செனட் குழுவிடம் எழுதிக்கொடுத்தார். அதற்குள் மக்கள் மனதில் முதல் கதைதான் பதிந்துவிட்டிருந்தது.

அக்டோபர் 17-இல் ‘கியர்னி’ கப்பல் தாக்கப்பட்டு 11 பேர் இறந்தார்கள். பிறகுதான் ரூபன் ஜேம்ஸ். நவம்பரில் நடுநிலைச் சட்டத்தின் மிச்சமிருந்த முக்கியப் பிரிவுகளும் நீக்கப்பட்டன. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 212, எதிர்ப்பு 194. நூறு பேர் கடலில் இறந்த பிறகும் நாடு இப்படிப் பிளந்தே கிடந்தது. ரஷ்யாவை முடிக்கும்வரை அமெரிக்காவோடு வம்பு வேண்டாம் என்று தன் கடற்படைக்கு ஹிட்லர் உத்தரவு போட்டிருந்தார். அட்லாண்டிக் பக்கம் போர், போர் என்ற பெயரில்லாமலே நடந்துகொண்டிருந்தது.

எண்ணெய்

பெயரோடு வந்த போர் மறுபக்கத்துக் கடலில் இருந்து வந்தது. 1937 முதல் ஜப்பான் சீனாவில் போரிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் போரை ஓட்டிய எண்ணெயில் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்துதான் போனது. நான்கு ஆண்டுகள் அமெரிக்கா சீனாவுக்காக வருந்தியது, ஜப்பானுக்கு விற்றது. 1940-இல் விமானப் பெட்ரோலுக்கும், பிறகு பழைய இரும்புக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் உடன்படிக்கை செய்துகொண்டன.

1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்தது. ரூஸ்வெல்ட் அமெரிக்காவில் இருந்த ஜப்பானின் பணத்தை முடக்கினார். எண்ணெயை அடியோடு நிறுத்துவது அவருடைய முதல் எண்ணமாக இருக்கவில்லை. உரிமம் கொடுத்து அளந்து விற்கலாம் என்றே நினைத்தார். ஆனால் உரிமத்துக்கான பணத்தை விடுவிக்க வேண்டிய அதிகாரிகள் குழு எதையும் விடுவிக்கவில்லை. அதில் முன்னின்றவர் வெளியுறவுத் துறையின் டீன் அச்சிசன். ரூஸ்வெல்ட் சர்ச்சிலைச் சந்தித்துவிட்டுத் திரும்பியபோது முழுத்தடை நடப்பில் இருந்தது. தளர்த்தினால் பயந்துவிட்டதாக ஆகும் என்று அப்படியே விடப்பட்டது. போருக்கும் அமைதிக்கும் நடுவிலான முடிவுகளில் மிகப் பெரியது இதுதான். இதற்கு எந்தச் சபையிலும் வாக்கெடுப்பு இல்லை.

ஜப்பானியக் கடற்படையின் கையிருப்பு இரண்டு ஆண்டுகளுக்குக்கூடத் தாங்காது. சீனாவிலிருந்து வெளியேறுவது, அல்லது டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிப்பது என்று இரண்டே வழிகள். அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். ஆக்கிரமித்த நாட்டை விட்டுப் போவதைவிட இன்னொரு போரை விரும்பிய டோக்கியோ தலைவர்கள்தான் இதற்கு முதல் பொறுப்பு. அதில் எனக்கு ஐயம் இல்லை. நவம்பர் 26-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் கடைசிக் குறிப்பைக் கொடுத்தபோது, ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள் கொண்ட ஜப்பானியப் படை குரில் தீவுகளிலிருந்து புறப்பட்டுவிட்டிருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு காலை. 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அவர்களில் 1,177 பேர் ‘அரிசோனா’ என்ற ஒரே கப்பலில். தாக்குதல் வரப்போவது ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியும், வேண்டுமென்றே விட்டார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஜப்பான் எங்கோ தாக்கப்போகிறது என்பது தெரிந்திருந்தது. ஹவாயை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காங்கிரஸ் கூடியது. செனட்டில் 82-0. பிரதிநிதிகள் சபையில் 388-1. அந்த ஒரே எதிர்ப்பு வாக்கு மொன்டானாவின் ஜானெட் ரேங்கின் போட்டது. அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண் அவர். 1917-இலும் உறுப்பினராக இருந்தார். அன்றைய போரை எதிர்த்து வாக்களித்த 50 பேரில் ஒருவர். இம்முறை அவரோடு ஒருவரும் இல்லை. சீறிய கூட்டத்திடமிருந்து தப்ப ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் வாக்கு தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால், தேர்தலில் கொடுத்த வாக்கை அந்தச் சபையில் காப்பாற்றியவர் அவர்.

ரூஸ்வெல்ட் அன்று கேட்டது ஜப்பானோடு போர் மட்டும். ஜெர்மனியைப் பற்றிக் கேட்கத் துணியவில்லை. மூன்று நாள் கழித்து, எந்த உடன்படிக்கையும் கட்டாயப்படுத்தாத நிலையில், ஹிட்லர் தானே அமெரிக்கா மீது போர் அறிவித்தார். 27 மாத விவாதத்தை முடித்துவைத்தது பெர்லின்.

சரியான போர், தவறான வழி

ஹிட்லரைத் தோற்கடிக்க அமெரிக்கா தேவைப்பட்டது. அமெரிக்கா ஒதுங்கியே நின்றிருந்தால் ஐரோப்பாவின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அந்தப் போரில் உயிர்கொடுத்தார்கள்; அது வீண் போகவில்லை. ஆனால், மக்களிடம் முழு உண்மையைச் சொல்லி அவர்களை அழைத்துப் போயிருக்க முடியும். கடன்-குத்தகைச் சட்டத்தை நாடு வெளிப்படையாக விவாதித்து ஏற்றுக்கொண்டதே அதற்குச் சாட்சி. ஹிட்லரை வீழ்த்துவது முக்கியம் என்று அன்றைய கருத்துக்கணிப்புகளிலும் பெரும்பான்மை சொல்லிக்கொண்டிருந்தது. கிரீர் கதையைப் பாதி மறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மறைத்ததற்கான விலையைப் பிற்காலம் கொடுத்தது.

1964 ஆகஸ்டில் வியட்நாம் அருகே டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாக ஜனாதிபதி ஜான்சன் நாட்டுக்குச் சொன்னார். அந்த இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை. பிரதிநிதிகள் சபை 416-0 என்ற வாக்கில் தீர்மானம் போட்டு, போரிட அவருக்கு அதிகாரம் கொடுத்தது. செனட்டில் எதிர்த்தவர்கள் இருவர் மட்டும். வியட்நாமில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், அதைவிடப் பல மடங்கு வியட்நாமியரும் மடிந்தார்கள். அந்தத் தீர்மானத்தைச் செனட்டில் நிறைவேற்றிக் கொடுத்து, பிறகு அதற்காக வருந்திய வில்லியம் ஃபுல்பிரைட், நல்ல காரியத்துக்காக ரூஸ்வெல்ட் செய்த மறைப்புத்தான் கெட்ட காரியத்துக்காக ஜான்சன் செய்த மறைப்புக்கு வழி காட்டியது என்று 1971-இல் சொன்னார். 87 வயதில் வியட்நாம் போருக்கு எதிராக வாஷிங்டனில் ஊர்வலம் நடத்தினார் ஜானெட் ரேங்கின்.

அமெரிக்கக் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதற்குப் பிறகு நடந்த கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் போர்களில் ஒன்றுக்குக்கூடப் போர்ப் பிரகடனம் இல்லை.